பட்டறையில் செய்து மனையில் பூட்டும் மரவீடு: முதன்முறை யோசிப்பவர்களுக்கு

போன மார்கழியில் கே.ஆர்.புரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹொசகோட்டே பக்கம் வாங்கிப்போட்ட முப்பதுக்கு நாற்பது மனையில், ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு சின்ன வீடு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யாரோ அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். லாரியில் சுவர்கள் வந்து இறங்குகின்றன, கிரேன் தூக்கி நிறுத்துகிறது, சில நாட்களில் ஒரு மரவீடு எழுந்து நிற்கிறது.

"ஏம்மா, நீ வீட்டுக்கு டிராயிங் போடுற ஆளு. இது நம்ம பெங்களூருக்கு ஆகுமா? கரையான் தின்னுடாதா? தீப்பிடிச்சா என்ன ஆவும்? கரண்ட் பில் குறையும்னு வேற சொல்றானே, அது எப்படி?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மரவீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் அவர் கட்ட நினைக்கும் அந்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் 'ப்ரீஃபேப்' என்ற சொல். வீட்டின் பாகங்களைப் பட்டறையில் முன்கூட்டியே செய்து, மனைக்குக் கொண்டுவந்து பூட்டுவதுதான் அது. நமக்கு இது புதிதல்ல. கோயில் தேரின் மேல்பாகத்தை ஒவ்வொரு திருவிழாவுக்கும் சட்டங்களாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள், முடிந்ததும் பிரித்து வைக்கிறார்கள். எந்தத் துண்டு எங்கே உட்காரும் என்பது முன்பே முடிவாகியிருப்பதால்தான் அத்தனை உயரம் அத்தனை வேகமாக எழுகிறது. வீட்டுக்கும் இதே கணக்குதான்.

இதை மூன்று விதமாகச் செய்வார்கள். சட்டங்களை மட்டும் அளவாக வெட்டி, துளைபோட்டு, எண் குறித்து அனுப்பி, மனையில் தச்சர்கள் பூட்டுவது ஒன்று. சட்டமும் பலகையும் சேர்ந்த முழுச் சுவர்த்துண்டுகளாக, அதாவது பேனல்களாக அனுப்புவது இன்னொன்று. அறையையே பெட்டி மாதிரி முழுதாகச் செய்து லாரியில் ஏற்றுவது மூன்றாவது. பெட்டியாக வருவது பார்க்க அழகு. ஆனால் நம் நாட்டில் வண்டியின் அகலத்துக்கு வரம்பு 2.6 மீட்டர்தான், எட்டரை அடி. அதற்குள் அடங்கும் அறை ஒடுக்கமாகத்தான் இருக்கும். அப்புறம் நம் லேஅவுட் தெருக்களில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும், மழைமரக் கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். நகருக்குள்ளும் அதன் ஓரத்திலும் பேனல் முறைதான் சரிப்பட்டு வரும் என்பது என் கருத்து.

பேனலிலும் கவனம் வேண்டும். நான் வரைந்த முதல் மரவீட்டில் ஒரு பக்கச் சுவரைப் பதினாறடி நீள ஒரே துண்டாகப் போட்டிருந்தேன். லாரி தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித் திரும்பவே இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து அந்தச் சுவரை ஒரு தெரு தூரம் சுமந்து வந்தார்கள். அன்றிலிருந்து, வீட்டை வரையும் முன் தெருவை அளந்துவிடுகிறேன். மனைக்கு வரும் வழியில் எத்தனை அடி அகலம், எங்கே திருப்பம், கம்பி எவ்வளவு உயரம், கிரேன் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அந்த வீட்டின் வரைபடத்தைச் சேர்ந்தவைதான்.

நாலடிக் கணக்கு

பிளைவுட் கடையில் கிடைக்கும் பலகை எட்டுக்கு நாலு. ஜிப்சம் போர்டும் சிமெண்ட் போர்டும் பெரும்பாலும் அதே அகலம். சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாகவோ பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகவோ வைத்தால், நாலடிப் பலகையின் ஓரம் சரியாக ஒரு சட்டத்தின் மேல் விழும். வெட்ட வேண்டியதில்லை, துண்டும் மிஞ்சாது.

அதனால் மரவீட்டை நாலின் மடங்கில் வரைவது நல்லது. சித்தப்பா மனையில் பக்கத்துக்கு மூன்றடி விட்டால் அகலம் 24 அடி. முன்னும் பின்னும் இடம் விட்டு நீளம் 28 அடி. மொத்தம் 672 சதுர அடி: ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை. "வாஸ்துப்படி இன்னும் அரையடி நீட்டிக்கணும்" என்று யாராவது சொன்னால் அந்த அரையடிக்காக ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பலகையை வெட்டிக் குப்பையில் போட வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை எல்லாம் வரைபடத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மரத்தை வீணாக்காமல் வரைவதுதான் சுற்றுச்சூழலுக்கு நாம் செய்யும் முதல் நன்மை, அதற்குக் காசும் ஆகாது.

சுவருக்குள் என்ன இருக்கிறது

செங்கல் சுவர் ஒரே பொருள். அதுவே பாரத்தைத் தாங்குகிறது, அதுவே மழையைத் தடுக்கிறது, வெயிலையும் முடிந்தவரை தடுக்கிறது. மரவீட்டின் சுவரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அடுக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வீடு புரிந்தமாதிரி. வெளியிலிருந்து உள்ளே வருவோம்.

வெளியே இருப்பது வெளிப்பலகை. வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்வது இதுதான். மருந்து ஏற்றிய மரப்பலகையாகவும் இருக்கலாம், சிமெண்ட் போர்டாகவும் இருக்கலாம். அதற்குப் பின்னால் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை வெறும் இடைவெளி. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வீணான இடம் என்று நினைப்பார்கள். பலகையின் பொருத்தில் கசிந்த மழைநீர் இதற்குள் வழிந்து கீழே இறங்கிவிடும். கீழே புகுந்து மேலே வெளியேறும் காற்று மிச்ச ஈரத்தை உலர்த்திவிடும். வெயிலில் சூடான பலகையின் வெப்பமும் இதே வழியாக மேலே போய்விடும். அடுத்தது ஒரு மெல்லிய மெம்பிரேன். தண்ணீரை உள்ளே விடாது, ஆனால் நீராவியை வெளியே விடும். அதற்கடுத்து சட்டங்களின் மேல் அறைந்த பிளைவுட்.

இந்த பிளைவுட்டின் வேலை பலருக்குத் தெரியாது. நாலு குச்சியைச் சதுரமாக ஆணியடித்து நிறுத்தி, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். அதன் மேல் ஒரு அட்டையை ஓரமெல்லாம் ஆணியடித்துவிட்டால் அசையாது. காற்றும் நில அதிர்வும் வீட்டைச் சாய்க்காமல் பிடிப்பது அந்தப் பலகையும், அதன் ஓரத்தில் நெருக்கமாக அடித்த ஆணிகளும்தான். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண கமர்ஷியல் பிளைவுட் இங்கே கூடாது. கட்டமைப்புக்கான பிளைவுட்டுக்குத் தனி இந்தியத் தரம் உண்டு, ஐ.எஸ். 10701.

பிளைவுட்டுக்கு உள்ளே சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவில் ராக்வூல். பாறையை உருக்கிப் பஞ்சாக்கிய பொருள். கடைசியாக, நாம் பெயிண்ட் அடித்துப் படம் மாட்டும் ஜிப்சம் போர்டு.

சரி, இத்தனை மெல்லிய சுவர் வெப்பத்தை எப்படித் தடுக்கும்? எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் அங்குல மரம் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க ஏறத்தாழ ஓர் அடி கனத்துக்கு கான்கிரீட் வேண்டும். ராக்வூல் மரத்தைவிடவும் மூன்று நான்கு மடங்கு மேல். மரத்துக்குள் நுண்ணிய குழல்களில் காற்று அடைபட்டிருக்கிறது, பஞ்சுக்குள் இன்னும் அதிகம் அடைபட்டிருக்கிறது. அசையாமல் அடைபட்ட காற்றைப்போல் வெப்பத்தைத் தடுப்பவை குறைவு. குளிருக்குப் போர்த்தும் கம்பளி செய்வதும் இதுதான்.

தண்ணீர்

கரையானையும் தீயையும் பற்றிச் சித்தப்பா கவலைப்பட்டார். நான் பயப்படுவது தண்ணீருக்கு. மரம் நனைவதால் கெடாது, நனைந்து உலராமல் இருந்தால் கெடும். மரத்தின் ஈரப்பதம் அதன் உலர் எடையில் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அதை உளுக்கவைக்கும் பூஞ்சை வளர முடியாது. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தண்ணீர் வந்தால் எந்த வழியாகப் போகும், எத்தனை நேரத்தில் உலரும் என்று கேட்டுக்கொண்டே வரைய வேண்டும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றத்துத் தூண்களைக் கவனித்திருப்பீர்கள். மரத்தூணின் அடியில் ஒரு கல் இருக்கும். முற்றத்தில் விழும் மழை தெறித்தாலும் கல்தான் நனையும், மரம் நனையாது. இன்றைய மரவீட்டிலும் அந்தக் கல்லின் வேலையைச் செய்ய ஒன்று வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடியாவது பேஸ்மட்டம் உயர வேண்டும். அதற்கு மேல் சுவர் வரும் இடமெல்லாம் ஓர் அரையடி உயரத்துக்கு கான்கிரீட் வரப்பு. அந்த வரப்பின் மேல் ஈரம் ஏறாத தாள் விரித்து, அதன் மேல்தான் சுவரின் கீழ்ச்சட்டம் உட்காரும்.

வரப்பு எதற்கு என்று கேட்டால் நம் பழக்கத்தைச் சொல்வேன். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டைப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். வாசல் தெளிக்கிறோம், படி கழுவுகிறோம். பொங்கலுக்கு முன்னால் கேட்கவே வேண்டாம். மேலைநாட்டு வரைபடங்களில் தரை மட்டத்திலேயே சுவரின் மரம் தொடங்கிவிடும். அங்கே ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அந்த வரைபடத்தை அப்படியே எடுத்து இங்கே கட்டினால், சில வருடங்களில் சுவரின் அடிச்சட்டம் கையால் பிய்க்க வரும். சித்தியைப் பக்கெட்டை விடச் சொல்வதைவிட ஆறங்குல வரப்பு போடுவது எளிது.

குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரின் இரு பக்கமாக வரட்டும். தண்ணீர்க் குழாய் எல்லாம் அந்த ஒரு சுவரில் அடங்கிவிடும், கசிந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்றுதான். அந்தச் சுவரில் மட்டும் ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் போர்டு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அப்புறம் டைல்ஸ். குழாயைத் திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவும் வைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் விடுபடுவது அந்தக் கதவுதான்.

கூரை சரிவாக இருக்கட்டும். மொட்டைமாடி வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் மரவீட்டுக்குச் சரிகூரைதான் ஆயுள். சுவரைத் தாண்டி வெளியே வரும் கூரை ஓரம், அதாவது இறவாரம், முன்னும் பின்னும் மூன்றடி, பக்கங்களில் இரண்டடி நீளட்டும். பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. செப்டம்பர், அக்டோபரில் சாயங்காலம் இடியோடு சாய்ந்து அடிக்கும். இறவாரம் குட்டையாக இருந்தால் அந்த மழை முழுக்கச் சுவரில்தான். இறவாரத்தோடு சேர்த்துச் சித்தப்பா வீட்டுக் கூரை ஏறத்தாழ 88 சதுர மீட்டர். அதன் மேல் ஆண்டுக்கு எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. தொட்டிக்குத் திருப்பிவிட்டால் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் நாட்கள் குறையும். பெங்களூர் மாநகரில் மழைநீர் சேகரிப்பு 2009 முதலே சட்டமாகிவிட்டது. சட்டம் இல்லாத இடத்திலும் செய்யலாம்.

தண்ணீர் டேங்க் இன்னொரு விஷயம். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அதை மரக்கூரையின் மேல் ஏற்றாதீர்கள். பின்பக்கம் தனியாக ஒரு இரும்பு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

மின்சாரச் செலவு குறைவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் மரவீட்டுப் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய முதல் 'பாசிவ் ஹவுஸ்' வீட்டிலிருந்து வந்த கொள்கைகள் அவற்றில் நிறைய இருக்கும்: தெற்கே பெரிய கண்ணாடி, மூன்றடுக்கு ஜன்னல், காற்றுப் புகாத சுவர், உள் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கும் இயந்திரம். குளிரிலிருந்து தப்பிக்க அருமையான வழிகள். ஆனால் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. நமக்கு ஹீட்டர் வேண்டாம். வருடத்தில் பெரும்பகுதி ஏசியும் வேண்டாம். மார்ச்சிலிருந்து மே வரை வெயிலிடமிருந்து தப்பித்தால் போதும்.

அந்த வெயில் வருவது தலைக்கு மேலே. ஏப்ரல் கடைசி வாரத்தில் பெங்களூரின் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்ட் நடுவில் மறுபடியும் அப்படி. எனவே ஒரே தளம் உள்ள வீட்டில் வெப்பம் அதிகம் இறங்குவது கூரை வழியாக. காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரே இடத்தில்தான் வெப்பத்தடுப்புப் போட முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கூரையில் போடுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் பார்க்கலாம். பொறியாளர்கள் 'யு மதிப்பு' என்று ஒன்று சொல்வார்கள். இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அது. குறைவாக இருந்தால் நல்லது. ஆறங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது ஏறத்தாழ 3.5. நாலங்குல ராக்வூல் போட்ட மரக்கூரைக்கு சுமார் 0.4. வீடுகளின் மின்சிக்கனத்துக்காக 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' கூரைக்கு 1.2 வரை அனுமதிக்கிறது. வெயிலில் காய்ந்த கூரையின் மேற்பரப்பு உள்ளறையைவிட முப்பது டிகிரி அதிகச் சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 62 சதுர மீட்டர் வீட்டில் கான்கிரீட் தளம் வழியாக இறங்குவது ஆறரை கிலோவாட். ஆறு இஸ்திரிப்பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டு உத்தரத்தில் ஒட்டிவைத்த மாதிரி. ராக்வூல் கூரையில் ஒரு இஸ்திரிப்பெட்டி கூட இல்லை. தோராயக் கணக்குதான், ஆனால் ஏப்ரல் மாதத்தில் மேல்மாடியில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

சுவரில் கவனிக்க வேண்டியது மேற்கு. சாயங்கால வெயில் தாழ்வாக, நேராக ஜன்னலுக்குள் வரும், சன்ஷேடு போட்டு அதைத் தடுக்க முடியாது. மேற்கில் குளியலறை, அலமாரி, படிக்கட்டு என்று வைத்துவிட்டு, ஜன்னலைச் சின்னதாக்குங்கள். தெற்கு எளிது: குளிர்காலத்தில் மட்டும்தான் சூரியன் நன்றாகத் தெற்கே சாயும், மூன்றடி இறவாரம் உச்சிவெயிலைப் பெருமளவு பிடித்துவிடும். வடக்கில் ஜூன் மாதம் கொஞ்சம் வெயில் விழும், வெளிச்சத்துக்கு அதுதான் நல்ல திசை. மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் பழைய பங்களாக்களின் ஜன்னல்கள் மேல் கூர்நுனியோடு மரச்சட்ட முகப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், 'மங்கி டாப்' என்பார்கள். வெயிலை உடைத்துக் காற்றை விடும் வேலை அது. அதையே புதுவீட்டில் எளிய பட்டைகளால் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த பெங்களூர்த் தச்சுவேலை அதுதான்.

மரவீட்டில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மரம் லேசானது. கல்லும் செங்கலும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடாகும். மரவீட்டில் அந்தப் பொறுமை கிடையாது. ஜன்னல் வழியாக வெயில் புகுந்துவிட்டால் சட்டென்று சூடாகிவிடும். அதற்கு மருந்து தரையில் இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் மேல் சாதரஹள்ளி கிரானைட் கல்லோ ஆத்தங்குடி டைலோ பதியுங்கள். ஏப்ரலிலும் பெங்களூர் இரவு இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கும். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்தால் தரை குளிர்ந்துவிடும், மறுநாள் மத்தியானம் வரை அந்தக் குளிர்ச்சி நிற்கும். இரவெல்லாம் ஜன்னல் திறந்திருக்க வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தேவை: திருட்டுக்கு கிரில், கொசுவுக்கு வலை. இவை இரண்டையும் பட்டறையிலேயே ஜன்னலோடு சேர்த்துச் செய்துவிடச் சொல்லுங்கள். கொசுவலை இல்லாத ஜன்னலை மக்கள் ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள், அப்புறம் என்ன வரைந்தும் பயனில்லை.

மின்விசிறி பிஎல்டிசி வகையாக இருக்கட்டும். பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். சோலார் வேண்டுமென்றால் இந்தக் கூரைக்கு 3 கிலோவாட் தாராளம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் கொடுக்கும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் வரை மானியம். ஆனால் சோலார் தட்டுகளைப் பிடிக்க, மரக்கூரையின் மேல் வேய்ந்த தகட்டைத் துளைத்துக் கண்ட இடத்தில் ஸ்க்ரூ போட விடாதீர்கள். ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு. தகட்டின் மடிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் உண்டு.

எந்த மரம், எங்கிருந்து

"மரத்தை வெட்டி வீடு கட்டிட்டு, அதையே இயற்கைன்னு சொல்றீங்களே?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி.

மரம் வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். இந்த வீட்டுக்குப் பத்து கனமீட்டர் மரம் ஆகிறது என்று கொண்டால், எடை ஐந்து டன். அதில் கார்பன் இரண்டரை டன். காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் ஒன்பது டன். வீடு நிற்கும்வரை அது சுவருக்குள்ளேயே இருக்கும். சிமெண்ட் இதற்கு நேர் எதிர். உலகத்தில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். காட்டை அழித்து வந்த மரமாக இருந்தால் சித்தி சொன்னதுதான் சரி.

அதனால் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். காடுகள் அழியும் கவலையில்தான் 1993-ல் மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. 2020-ல் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டில் மரத்தின் பெரும்பங்கு காட்டுக்கு வெளியே, தோட்டங்களிலும் வயல் வரப்புகளிலும் வளரத் தொடங்கிவிட்டது. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற நிற்கும் சில்வர் ஓக், கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் விவசாயிகள் வைக்கும் மலைவேம்பு எல்லாம் அப்படி வளர்பவைதான். கடல் கடந்து வரும் ஊசியிலை மரமும் மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் கிடைக்கிறது. காட்டை அழிக்காமல் வளர்த்து வெட்டிய மரம் என்று சொல்லும் எஃப்.எஸ்.சி. போன்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள். என்ன மரம் என்று சந்தேகம் வந்தால் மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஒரு துண்டைக் கொடுத்தால் சோதித்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள்.

தேக்குதான் வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. வைரம் பாய்ந்த தேக்கைச் சுவருக்குள் மறைத்துவைப்பது அதற்கு நாம் செய்யும் மரியாதையும் இல்லை. உள்சட்டங்களுக்குத் தோட்டத்து மரம் போதும், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கதவு மழைக்காலத்தில் இறுகி வெயிலில் விலகுவதைப் பார்த்திருப்பீர்கள், சுவரும் அப்படித்தான் ஆகும். சூளையில் உலர்த்திய மரமா என்று கேளுங்கள். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று கையோடு கொண்டுபோய், லாட்டில் நாலைந்து சட்டங்களில் குத்திப் பாருங்கள். பெங்களூர் வீட்டுக்குள் மரம் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி நிலைக்கும். பத்தொன்பதுக்கு மேல் காட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது, மருந்து ஏற்றியிருக்க வேண்டும். பிரஷ்ஷால் பூசுவது மேல்தோலோடு நின்றுவிடும். உருளைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தில் மருந்தை உள்ளே செலுத்தும் முறைதான் வேண்டும். போரான் மருந்து மனிதருக்குப் பெரிதாகத் தொந்தரவு தராது, ஆனால் மழையில் கரைந்துவிடும். எனவே அது உள்சட்டங்களுக்கு மட்டும்.

கரையானுக்கு இதோடு இன்னும் இரண்டு தடை போடலாம். அஸ்திவார மண்ணுக்கு ஐ.எஸ். 6313 முறைப்படி மருந்து. பேஸ்மட்டத்தின் மேல் ஓரத்தில், வெளிப்பக்கம் நீட்டி மடித்த துருப்பிடிக்காத தகடு. கரையான் தகட்டைத் துளைக்காது, சுற்றிக்கொண்டு மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். அப்போது நம் கண்ணில் படும். எனவே பேஸ்மட்டத்தை ஒட்டி செடி நடாதீர்கள், விறகும் அட்டைப்பெட்டியும் அடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான மர உத்திரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியும். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடும். ஆனால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய சட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றைக் காப்பது மேலே இருக்கும் ஜிப்சம் போர்டு: ஜிப்சத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர் இருக்கிறது, அது ஆவியாகி முடியும்வரை சூடு உள்ளே ஏறாது. ராக்வூலும் எரியாது. அடுப்புச் சுவருக்கு இரட்டைப் போர்டு, சிலிண்டர் வெளியே, வயர் எல்லாம் குழாய்க்குள், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. இவற்றில் எதிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்லாமே முன்கூட்டி

செங்கல் வீட்டில் மேஸ்திரியிடம் "இந்தச் சுவிட்சை அந்தப் பக்கம் வைங்க" என்று பூச்சு முடிகிறவரை சொல்லலாம். உடைப்பார், பூசுவார். மரவீட்டில் சுவர் பட்டறையில் மூடப்படும்போதே உள்ளே வயர் குழாய் போய்விட்டது. சுவிட்ச், பிளக், கீசர், சமையலறை சிம்னி துளை, டிவி மாட்டும் இடம், ஊஞ்சல் கொக்கி, தொட்டில் கட்டும் வளையம் எல்லாமே ஆர்டர் கொடுக்கும் முன் தாளில் இருக்க வேண்டும். பாரம் தொங்கும் இடத்தில் சுவருக்குள் கூடுதல் பலகை வைத்தே மூடுவார்கள். பிறகு வெறும் ஜிப்சத்தில் ஆணியடித்தால் நிற்காது. வேகமாகக் கட்டுவது என்பது யோசிக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவருவதுதான். வீடியோவில் காட்டிய சில நாட்களுக்குப் பின்னால் பல மாத வரைபடம் இருக்கும்.

அஸ்திவாரமும் அப்படியே. மரவீடு எடை குறைவு என்பதால் அஸ்திவாரம் சிறிதாகப் போதும். ஆனால் மட்டம் சரியாக இருக்க வேண்டும். செங்கல்லில் ஒரு அங்குல வித்தியாசத்தைக் கலவை விழுங்கிவிடும். மரப்பேனல் அதே அளவு பிசகை மூலையில் வாய் பிளந்து காட்டும். எடை குறைவு என்பதாலேயே காற்று தூக்கும் அபாயமும் உண்டு, எனவே கூரையிலிருந்து சுவருக்கு இரும்புப் பட்டை, சுவரிலிருந்து அஸ்திவாரத்துக்கு ஆங்கர் போல்ட் என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ல் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப்பகுதி இருக்கிறது. மரச்சட்டங்களின் கணக்குக்கு ஐ.எஸ். 883 இருக்கிறது. இவற்றைத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்காமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கியிலும் காப்பீட்டிலும் கேட்டுவிடுங்கள்.

செலவு குறையும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம் என்றும் சித்தப்பாவிடம் சொன்னேன். மேஸ்திரியும் செங்கல்லும் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஊரில் மரவீட்டுக்கு ஆட்கள் குறைவு, வேலை தெரிந்தவர்களின் கூலி அதிகம். மிச்சமாவது நேரம், மனையில் வீணாகும் தண்ணீர், பிறகு வரும் மின்கட்டணம். வெளிப்பலகைக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயோ பெயிண்டோ அடிக்கவும் வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். சித்தியும் அவரும் கூடத்துத் தரையில் சாக்பீஸால் 24-க்கு 28-ஐப் பாதி அளவில் வரைந்து, அதற்குள் நடந்து பார்த்திருக்கிறார்கள். சுவிட்ச் எல்லாம் குறித்தாகிவிட்டதாம். "பூஜை மாடம் மட்டும் சித்தி கிழக்குச் சுவர்லதான்ங்கிறா. வெங்கலக் குத்துவிளக்கு ரெண்டு, படம் ஏழு. உள்ளே பலகை வைக்கணும்னு சொன்னியே, எவ்வளவு அகலத்துக்கு எழுதட்டும்?" என்று கேட்டார். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, நாலடி முழுசுக்கும் எழுதச் சொன்னேன்.